நீல டிரம்மில் நீர் குறையவில்லை

எழுந்தான். போர்வையை மடித்தான். கட்டிலில் ஒரு பாதிதான் கலைந்திருந்தது. சரிசெய்ய நேரம் பிடிக்கவில்லை. ஒரே டம்ளர் தண்ணீரில் பல் தேய்த்து, வாய் கொப்பளித்து, மிச்சத்தில் முகத்தையும் துடைத்துக்கொண்டான். பாலை அடுப்பில் ஏற்றினான். பொங்குவதற்குள் மகளின் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடலாம் என்று நினைத்தான். முடியவில்லை. பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்துவிட்டு இஸ்திரியை முடித்தான்.

அன்று தண்ணீர் நாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். குழாய் ஏப்பம் விட்டது. முதலில் காற்று வந்தது. பிறகு பழுப்பாகக் கொஞ்சம் துரு. அதன் பிறகுதான் தண்ணீர்.

அண்ணி அதற்கு முன்பே வேலையில் இறங்கியிருந்தாள். அவன் மனைவியின் அக்கா. தூரத்து ஊரில் தையற்கடை வைத்திருப்பவள். தங்கைக்குக் காய்ச்சல் என்றதும் கடையைக் கணவனிடம் ஒப்படைத்துவிட்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள் தங்கை இறந்த பிறகு அப்படியே தங்கிவிட்டாள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். இங்கே யாருக்கும் அளவெடுப்பதில்லை, இருந்தாலும் தொங்கும்.

குடம், வாளி, அண்டா, பழைய பெயிண்ட் டப்பா என்று ஒவ்வொன்றாகத் தூக்கி, இருந்த தண்ணீரைச் சாக்கடைத் துவாரத்தில் கவிழ்த்தாள். கழுவினாள். குழாயடியில் வைத்தாள். ஒவ்வொரு தண்ணீர் நாளும் இதுதான். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிய தண்ணீர் பிடிப்பது. அவன் பலமுறை பார்த்திருக்கிறான். ஒன்றும் சொன்னதில்லை.

மூலையிலிருந்த நீல டிரம்மை மட்டும் அவள் தொடவில்லை. மூடிக்கு மேல் பூப்போட்ட துணி உறை ஒன்று இறுக்கமாகப் போர்த்தியிருந்தது. விளிம்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த உறை.

அந்த டிரம்மை நிரப்பியவள் அவன் மனைவி. காய்ச்சல் என்று மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன்பு, வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் ரப்பர் குழாயைப் போட்டு நிரப்பினாள். மேலிருந்து இரண்டாவது வளையம் வரைக்கும். அதை யாரும் கொட்டவும் இல்லை, எடுத்துப் புழங்கவும் இல்லை. ஒருமுறை வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போய், அண்ணி மாடிவீட்டில் ஒரு குடம் கடன் கேட்டு வாங்கி வந்தாள். டிரம் நிறைந்து நின்றது.

அவன் உறையை விலக்கி, மூடியைத் தூக்கிப் பார்த்தான். இரண்டாவது வளையம். மூடினான்.

“பாப்பா துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன் தம்பி. உங்க அண்ணன் கடையைச் சாத்திட்டுச் சாயங்காலம் நேரா பஸ் ஸ்டாண்டுக்கே வந்துடுறாராம்” என்றாள் அண்ணி, முதுகைத் திருப்பாமல்.

“சரி” என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமையும் இதே ‘சரி’தான். உறவுக்காரர்கள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து அவன் வாழ்க்கையைப் பேசி முடித்தார்கள். வயசுப் பையன், தனி ஆள், தண்ணீர் இல்லாத ஊர், பெண் குழந்தை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் அண்ணிதான் வாய் திறந்தாள். உயிர் போவதற்கு முன் தங்கை தன் கையைப் பிடித்துக்கொண்டு, பாப்பாவை நீ கூட்டிக்கொண்டு போய் வளர்த்துவிடு அக்கா என்று கேட்டுக்கொண்டாள் என்றாள். கூடமே அழுதது. செத்தவள் கேட்டுக்கொண்டது. அதற்கு மேல் யார் என்ன பேச? எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டால் எப்படிச் சொல்வானோ, அப்படிச் சொன்னான்.

மறுப்பதற்கு அவனிடம் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் இல்லை.

அவள் இறந்த அன்றும் தண்ணீர் நாள். சாதாரணக் காய்ச்சல், ஓரிரு நாளில் அனுப்பிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மனைவியேதான் மருத்துவமனையிலிருந்து அவனை வீட்டுக்கு விரட்டினாள். இன்றைக்குப் பிடிக்காமல் விட்டால் யார் வீட்டு வாசலில் போய்க் குடத்தோடு நிற்பது என்றாள். வந்தான். குளியலறை முக்காலியில், கையில் ரப்பர் குழாயோடு உட்கார்ந்திருந்தான். எங்கோ பெரிய குழாய் உடைந்து, அன்றைய முறை வேறு பக்கம் திரும்பிவிட்டது. குழாயில் காற்றுதான் வந்தது. அவன் காத்திருந்தான். செல்போன் அடித்தபோது ஆபீஸ் என்று நினைத்து எடுத்தான். அண்ணி.

அன்று தண்ணீர் வரவில்லை என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மகள் எழுந்து வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு அவன் காலைக் கட்டிக்கொண்டாள். இன்று பள்ளிக்கூடம் கிடையாது, ஊருக்குப் போகிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இஸ்திரி போட்ட சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

தெருவில் இறங்கியதும் ஷூ நனைந்தது.

சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக மழையைக் காணாத ஊர். மரங்கள் மொட்டையாக நின்றன. சாக்கடை மட்டும் ஓடையைப்போல ஓடியது. அதிலும் கறுப்புத் தண்ணீர் இல்லை. அடியில் கிடந்த பாட்டில் மூடி தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். நேற்று இந்தச் சாக்கடை காய்ந்து வெடித்திருந்தது. நாளையும் காய்ந்திருக்கும்.

மாடிவீட்டுக்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்ன வாட்டர் ஆபீஸ் சார், அடுத்த மழையை எந்தத் தெருவுக்குத் திருப்பிவிடறதா உத்தேசம்? கொஞ்சம் நம்ம பக்கமும் கண்ணைத் திருப்புங்க.” சொல்லிக்கொண்டே ஒரு வாளியைக் கீழே கவிழ்த்தார். பளிச்சென்று விழுந்தது.

அவன் ஈர ஷூவோடு நின்று, தெருக்கோடி வரைக்கும் பார்த்தான். வீட்டுக்கு வீடு ஒரு தாரை இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் பாதிப் பேருக்கு இன்னும் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருக்கும். ஆனால் சாக்கடை ஓடுகிறது.

அவனுக்குள் எதுவும் பொங்கவில்லை. பார்த்தான், புரிந்தது. நடந்தான்.

அவன் வேலை நகரக் குடிநீர் அலுவலகத்தின் திட்டப் பிரிவில். எந்த வட்டாரத்துக்கு என்றைக்கு எவ்வளவு தண்ணீர் என்று முடிவுசெய்யும் இடம். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, இடையில் காணாமல் போனது எவ்வளவு: இதுதான் அவன் பிழைப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை என்று மாற்றச் சொன்னது அவன்தான். மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும் என்று எழுதினான். ஆகவில்லை. மீட்டர் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. கசிவு என்றார்கள், திருட்டு என்றார்கள். போன வாரம் ரோட்டைத் தோண்டிப் பார்த்ததில் ஒரு பழைய செருப்புதான் கிடைத்தது.

இன்றைய கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்று நாளை ஐந்து நாளாக்குவதா? ஆக்கினால் குழாயின் கடைசி முனையிலிருக்கும் மேட்டுத் தெருக்களுக்கு ஏறுகிற கொஞ்சமும் ஏறாது. அங்கிருப்பவர்கள் லாரிக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

தலைமைப் பொறியாளருக்கு ஆபீஸில் ‘அணைக்கட்டு’ என்று பெயர். எந்தக் காகிதமும் அவரைத் தாண்டி லேசில் வழிந்ததில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“மிச்சமாகும்னு எழுதினது நீதானப்பா?”

“ஆமா சார்.”

“எங்க போகுது?”

“கொட்டறாங்க சார்.”

அறையில் நாற்காலிகள் கிரீச்சிட்டன.

அவன் ஒப்பிப்பதுபோலச் சொன்னான். தண்ணீர் எப்போது வரும் என்று நிச்சயம் இல்லாதவன் தேவைக்கு மேல் பிடித்துவைக்கிறான். அடுத்த முறை வரும்போது மீந்துபோனது பழைய தண்ணீர் ஆகிவிடுகிறது. கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிக்கிறான். இடைவெளி கூடக்கூடப் பாத்திரமும் கூடும், கொட்டுவதும் கூடும். ஐந்து நாளாக்கினால் வீட்டுக்கு வீடு இன்னொரு டிரம் வாங்குவார்கள். இன்னொரு டிரம் கொட்டுவார்கள். அவ்வளவுதான்.

“இந்தப் பஞ்சத்துல எவன் வீட்டுலய்யா தண்ணியக் கொட்டறான்?” என்றார் அணைக்கட்டு.

“எங்க வீட்டுல சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று அவன் காத்திருந்தான்.

சிரிக்காதவள் பரிசோதனைக்கூடத்துப் பெண் மட்டும்தான். குளோரின் அக்கா என்று கூப்பிடுவார்கள். “எதுக்குச் சிரிக்கணும்? எங்க வீட்டுல நானே கொட்டறேன். சுத்தமா மூடி வச்சா கெடாதுன்னு ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுக்கற கை இது. வீட்டுக்குப் போனா குடத்தைக் கவுத்துடுது.” அதற்கும் சிரித்தார்கள். ஆனால் இந்த முறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு.

அணைக்கட்டு நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றார். தினமும் விடலாம், கொஞ்ச நேரம் மட்டும் என்றான் அவன். நாளைக்கும் வரும் என்று தெரிந்தால் யாரும் சேர்த்துவைக்க மாட்டார்கள். சேர்த்துவைக்காதவனுக்குக் கொட்ட ஒன்றும் இருக்காது. காய்ந்த குழாய் நனைவதற்கே பாதித் தண்ணீர் போய்விடும் என்று ஒருவர் மடக்கினார். தினமும் நனைகிற குழாய் காயாது என்றான். நம்புவார்களா என்றார் இன்னொருவர். எத்தனை தடவை நாளை வரும் என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறோம்?

“தெரியலை சார்” என்றான்.

நெடுநேரம் இழுத்துப் பறித்து, கடைசியில் அணைக்கட்டு கொஞ்சம் மதகைத் திறந்தார். ஒரு வாரம். அவன் குடியிருக்கும் வட்டாரம் மட்டும். நாளைக் காலையிலிருந்து தினமும் அரைமணி நேரம். மீட்டர் இறங்கினால் ஊர் முழுக்க. இறங்காவிட்டால் ஐந்து நாள், மேட்டுத் தெருவுக்கு லாரி.

எல்லோரும் எழுந்து போன பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “வீட்டுல யாருப்பா கொட்டறது?”

“அண்ணி சார். இன்னைக்கு ஊருக்குப் போறாங்க.”

“அப்ப உன் வீட்டுக் கணக்கு சரியாயிடும்.” சொல்லிவிட்டு ஏதோ நினைவு வந்தவராக, “பாப்பா?”

“அவளும் போறா.”

அணைக்கட்டு கண்ணாடியைக் கழற்றினார். சீக்கிரம் வீட்டுக்குப் போ என்பதுபோலக் கையை அசைத்தார்.

வீட்டு வாசலில் இரண்டு பைகள் நின்றன. ஒன்று அண்ணியுடையது. இன்னொன்றின் வாயிலிருந்து பொம்மையின் கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

மகள் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தாள். பாதி தரையில்.

“அப்பா, இது பழசு. இது புதுசு.”

“எது பழசு?”

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். குழம்பினாள். “பெரியம்மாவைக் கேளு” என்றாள்.

“பெரியம்மா ஊர்ல கிணறு இருக்காம்பா. அங்க தண்ணி பழசே ஆகாதாம். நீ எப்ப வருவ?”

“வரேன்” என்றான். எப்போது என்று அவனுக்கே தெரியாது. தரையைத் துடைத்தான். பொம்மையின் காலை உள்ளே தள்ளி, பையின் ஜிப்பை இழுத்து மூடினான். பல் பிரஷை எடுத்து வைத்தாயிற்றா என்று கேட்டான். ஆயிற்று என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. அதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன கேட்க வேண்டும் என்று யோசித்தான். ஒன்றும் தோன்றவில்லை.

சமையலறை வாசலில் போய் நின்றான்.

“நாளைலேருந்து தினம் தண்ணி வரும் அண்ணி. பழசைக் கொட்ட வேண்டியதில்லை.”

“யாரு கொட்டப்போறா? கொட்டறவதான் கிளம்பிட்டேனே.” அண்ணி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் அவன் துடைத்த அடுப்பு. “நீங்க ஒத்த ஆளு. ஒரு வாளி போதும்.”

“நீல டிரம்மை யாரு பாத்துக்கறது?”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“அதை யாரு தொட்டா?” என்றாள்.

“குறையவே இல்லை அண்ணி. எவ்வளவு மூடி வச்சாலும் இந்த வெயிலுக்குக் குறைஞ்சிருக்கணும். நான் பாக்கறப்பல்லாம் அதே வளையத்துலதான் நிக்குது.” குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஆபீஸில் சொல்கிற அதே குரல். “பாப்பாவுக்கு மூடி எட்டாது. நான் ஊத்தலை.”

அண்ணி வெளியே வந்தாள். வாசலில் நின்ற தன் பையின்மேலேயே உட்கார்ந்தாள். கழுத்து நாடாவின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் செல்போன் அடித்தது. சகலையாகத்தான் இருக்கும், பஸ் ஸ்டாண்டிலிருந்து. அடித்து ஓய்ந்தது.

“ஒவ்வொரு தண்ணி நாளும் ஒரு சொம்பு ஊத்துவேன்” என்றாள். “அவ நிறைச்சு வச்சதாச்சே. குறைஞ்சுபோயிடக் கூடாதுன்னு.”

அவன் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான்.

“இப்ப அதுல எது அவ பிடிச்சது, எது நான் ஊத்தினதுன்னு எனக்கே தெரியாது. அவ பிடிச்சதுன்னு நெனச்சுத்தான் தினம் தொடைச்சு வைக்கறேன். உறை தெச்சுப் போட்டேன். பைத்தியக்காரத்தனம்னு தெரியும்.”

“இருக்கட்டும் அண்ணி.”

“இருக்கட்டும் இருக்கட்டும்னு சொல்லிச் சொல்லித்தான் தம்பி இவ்வளவு தூரம் வந்து நிக்குது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எம்பொண்ணை விடமாட்டேன்னு நீங்க சொல்லியிருந்தா அன்னைக்கே எந்திரிச்சுப் போயிருப்பேன். சரின்னீங்க. நேத்துல இருந்து துணி மடிக்கறேன். ஒரு துணியையாவது வெளிய எடுத்துப் போடுவீங்கன்னு பாத்தேன். ஜிப்பை இழுத்து மூடறீங்க.”

மகள் டம்ளரோடு எழுந்து வந்து பெரியம்மாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். அண்ணியின் கை தன்பாட்டுக்கு அவள் தலையை வருடியது.

“டிரம்முல மட்டும் ஊத்தலை” என்றாள் அண்ணி. “அவ சொன்னதுலயும் ஊத்திட்டேன்.”

அவன் சுவரிலிருந்து நிமிர்ந்தான்.

“கையைப் பிடிக்கவும் இல்லை. பாப்பாவைப் பத்திப் பேசவும் இல்லை. போறோம்னு அவளுக்குத் தெரிஞ்சாத்தானே அதெல்லாம் பேசறதுக்கு? நீங்க கல்லு மாதிரி நடமாடறதைப் பாத்து, இந்த வீட்டுல குழந்தை எப்படி வளரும்னு பயந்து, நானா சேத்துச் சொன்னது. அவ சொன்னா இப்படித்தான் சொல்லியிருப்பான்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் அழுததைப் பாத்ததும் நானே நம்பிட்டேன்.”

செல்போன் மறுபடியும் அடித்தது. அண்ணி அதை எடுத்து, யாரென்றுகூடப் பார்க்காமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

வாசலில் இரண்டு பைகள் இருந்தன. அவன் குனிந்து, சின்னப் பையின் ஜிப்பைப் பிடித்தான். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்னதான் சொன்னா அண்ணி?” என்றான். குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவனுடைய குரல் மாதிரி இல்லை.

“ஒண்ணும் பெரிசா இல்லை தம்பி. நீங்க கிளம்பிப்போய்க் கொஞ்ச நேரம் இருக்கும். அவ தூங்கறான்னு நெனச்சு, ஜன்னல் திரையை இழுத்துவிட எந்திரிச்சேன். கண்ணைத் திறந்து ஒண்ணு கேட்டா. நான் ‘வந்துடுச்சு’ன்னு சொன்னேன். எனக்கு என்ன தெரியும், சும்மா சொன்னேன். சரின்னு தலையாட்டிட்டுக் கண்ணை மூடிக்கிட்டா. அவ்வளவுதான்.”

“என்ன கேட்டா?”

அண்ணி நாடாவின் நுனிகளை விட்டாள்.

“‘வீட்டுல தண்ணி வந்துடுச்சாக்கா?’”